99942-உம் லயத்துக்குப் பின்னால் ஒரு வெடிப்பும்

2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அமாவாசை. விடிந்தால் சித்திரை வருசப்பொறப்பு. இந்த மூன்றும் ஒரே ராத்திரியில் சேர்ந்தாலே எங்கள் தோட்டத்தில் ஒரு மாதம் பேசுவார்கள். அதுக்கு மேல, அதே ராத்திரியில் சுமார் 340 மீட்டர் அகலமுள்ள ஒரு கல் பூமியின் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகப் போகிறது. கூரைத் தகரத்துக்கு மேல டிஷ் பூட்டி டீவி பார்க்கிறோமே, அந்தச் செய்மதிகள் நிற்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். கல் அதுக்கும் கீழால போகும்.

கல்லின் பெயர் அப்போஃபிஸ். பதிவு எண் 99942.

இதை எங்களுக்குச் சொன்னது கம்பஸ் இல்லை, தோட்டத்து வாட்ஸ்அப் குரூப். நாங்கள் என்றால் மூன்று பேர். பொகவந்தலாவையில் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பிள்ளைக்காம்பராவில் தூங்கி, இப்போது வேறு வேறு ஊர்களில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். மூன்று பேருக்கும் பௌதிகவியல் தெரியாது. எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை, அதனால் அது பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. குரூப்பில் வந்தது ஒரு வீடியோ. பூமியை அழிக்க எமன் வருகிறான் என்று தலைப்பு, சிவப்பு அம்புக்குறி, பின்னால் உறுமி மேளம். அப்பாயி அதை மூன்று தடவை பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் போட்டுச்சு.

"அது நம்ம மேல விழுமா?"

"விழாது அப்பாயி."

"யாரு சொன்னா?"

நாசா என்றோம். அப்பாயி அதுக்கு மசியவில்லை. "ஏரோப்பிளேனும் விழாதுன்னுதான் ஏத்திருப்பாங்க" என்றது.

அப்பாயி சொன்னது 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குப் போகிற ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின்எயார் விமானம், ராத்திரி பத்து மணிக்கு மேல் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அப்பாயி அப்போது கொழுந்தெடுக்கப் போன புதுசு. வானத்திலிருந்து விழுகிறது என்பது அதுக்குக் கதை இல்லை, பக்கத்து மலையில் நடந்த சங்கதி. ஆகவே "யாரு சொன்னா" என்ற கேள்வியை நாங்கள் லேசாக எடுக்க முடியவில்லை. யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று தேடப் போனோம். தேர்வுக்கு இப்படித் தேடியிருந்தால் எங்கே இருந்திருப்போம் என்று எங்களில் ஒருத்தி இன்னும் சொல்வாள்.

முதலில் சொல். அப்போஃபிஸை 'அபாயகரமானதாகக்கூடிய சிறுகோள்' என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். வீடியோக்காரர்கள் 'அபாயகரமான' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஆகக்கூடிய' என்பதில்தான் விசயமே இருக்கிறது. ஒரு சிறுகோளின் பாதையும் பூமியின் பாதையும் சுமார் 75 லட்சம் கிலோமீட்டருக்குள் நெருங்கினால், அந்தக் கல் ஏறக்குறைய 140 மீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால், அது அந்த வகை. அவ்வளவுதான். பாதைகள் நெருங்குகின்றன என்பதுக்கும், ஒரே நேரத்தில் இரண்டும் அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன என்பதுக்கும் எவ்வளவோ தூரம். நோர்வூட் சந்தியில் இரண்டு பஸ் பாதை சேர்கிறது என்பதால் தினமும் பஸ் மோதுகிறதா என்ன. அந்தப் பெயர் சொல்வது 'இதை விடாமல் பார்த்துக்கொண்டிரு' என்பது மட்டும்.

பார்த்துக்கொண்டே இருந்த கதை நல்ல கதை. 2004 யூன் 19-ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் வானாய்வு நிலையத்தில் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி என்ற மூன்று பேர் இதைக் கண்டார்கள். இரண்டு ராத்திரி பார்த்ததோடு தவறிப்போனது. டிசம்பரில் அவுஸ்திரேலியாவிலிருந்து மறுபடி கண்ணில் பட்டது. கணக்குப் போட்டால் 2029 ஏப்ரல் 13-இல் பூமியில் மோத வாய்ப்பு இருக்கிறது என்று வந்தது. புதிதாக ஒவ்வொரு அளவு சேரச் சேர அந்த எண் ஏறியது. டிசம்பர் 24-இல் 1.6 சதவீதம். 27-இல் 2.7 சதவீதம், அதாவது 37-இல் ஒன்று. ஆபத்தைச் சொல்ல டொரினோ என்று 0 முதல் 10 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் 4-ஐத் தொட்ட ஒரே கல் இதுதான்.

அந்தத் திகதிகளைப் படித்ததும் நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றோம். 24-க்கும் 27-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? 26. உலகம் முழுக்க வானியல்காரர்கள் 25 வருசத்துக்கு அப்பால் வரப்போகிற கல்லை எண்ணிக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து எங்கள் நாட்டில் மட்டும் முப்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. எங்களில் ஒருத்தி பிறந்து மூன்று மாதம். மற்ற இரண்டு பேரும் நடக்கப் பழகியிருந்தோம். அலை எழுந்ததுக்கும் நம் கரைக்கு வந்ததுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. சுனாமிச் செய்திக்குள் அந்த 2.7 சதவீதம் எங்கேயோ மறைந்துபோனது, யாரும் கவனிக்கவில்லை.

மறைந்ததும் ஒரு நாளுக்குள்தான். 27-ஆம் திகதியே ஸ்பேஸ்வோச் என்ற ஆய்வுக்குழுவின் பழைய படங்களைக் கிளறிப் பார்த்தார்கள். 2004 மார்ச் 15-இல், கல்லை யாரும் 'கண்டுபிடிப்பதுக்கு' மூன்று மாதம் முன்னால் எடுத்த படத்தில் அது ஒரு மங்கலான புள்ளியாக ஏற்கனவே விழுந்திருந்தது. படம் எடுத்தவர்களுக்கே அப்போது தெரியாது. அந்தப் புள்ளியைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதல் இல்லை என்று ஆனது. பிறகு 2036, 2068 என்று சின்னச் சின்னச் சந்தேகங்கள் மிச்சம் இருந்தன. 2021 மார்ச்சில் ராடார் வைத்துத் தூரத்தை அளந்து அதையும் அடித்தார்கள். இன்னும் 100 வருசத்துக்காவது அப்போஃபிஸ் பூமியில் மோதாது.

எண் ஏன் முதலில் ஏறி, பிறகு தடாலென்று விழுகிறது? இது எங்களுக்குப் புரிய இரண்டு நாள் எடுத்தது. அப்பாயிக்கு விளங்கப்படுத்திய விதத்திலேயே சொல்கிறோம். ஆடு ஒன்று காணாமல் போய்விட்டது. பத்து மலையில் எங்கேயும் இருக்கலாம். எங்கள் மலையில் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து மலையைத் தேடி, இல்லை என்று ஆனதும் எங்கள் மலைக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஆடு நகரவே இல்லை. நாம் தேடியதால் எண் கூடிவிட்டது. ஆறாவது மலையில் ஆடு கத்தினால் எங்கள் எண் பூச்சியம். 2025 பெப்ரவரியில் 2024 வை.ஆர்.4 என்ற இன்னொரு கல்லுக்கும் இதுவே நடந்தது. 2032 டிசம்பரில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று ஏறியது. மோதக்கூடிய பாதை என்று கோடு போட்ட நிலப்பரப்பில் தென்னாசியாவும் இருந்தது. சில நாளில் பூமிக்கு ஆபத்து இல்லை என்று இறங்கியது. ஏறின நாளில் எங்கள் குரூப்புக்கு ஏழு வீடியோ வந்தது. இறங்கின நாளில் ஒன்றும் வரவில்லை.

"அப்ப தேடிக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்" என்றது அப்பாயி. ஆமாம்.

பழைய படம் என்றதும் எங்கள் ஊரிலேயே ஒரு கல்லறை ஞாபகம் வரும். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். விக்டோரியா காலத்தின் பெரிய புகைப்படக் கலைஞர். புருசனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் செத்துப்போனார். வெள்ளைக்காரர்கள் அந்தக் கல்லறையைத் தேடி வந்து வழி கேட்கும்போது சின்னப் பிள்ளைகளாய் நாங்கள் கூட்டிப்போயிருக்கிறோம், யார் என்று தெரியாமலே. அவர் எடுத்த பேர்பெற்ற படங்களில் ஒன்று 1867-இல் எடுத்தது. தலைமுடி பறக்கிற கிழவர் ஒருவர். அவர் ஜோன் ஹெர்ஷல், வானியலாளர். அவருடைய அப்பா வில்லியம் ஹெர்ஷல்தான் 1802-இல் இந்த மாதிரிக் கற்களுக்கு நட்சத்திரத்தைப் போன்றது என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். தொலைநோக்கியில் அவை கோளைப் போல வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம் மாதிரி வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் அந்தப் பெயர். அந்தச் சொல்லுக்கும் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கும் இடையில் ஒரு தகப்பன், ஒரு மகன், ஒரு படம்தான் இருக்கிறது. கமரன் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அதில் எங்கள் ஆட்கள் யாராவது இருக்கலாம். தேடவில்லை, தேடவேண்டும்.

நாங்கள் தேடியது வேறு படம்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகத்தில் எத்தனையோ இடத்தில் மலை இறங்கியது. எங்கள் மலை இறங்கவில்லை, வெடிப்பு மட்டும் வாயைத் திறந்தது. பத்துக் காம்பரா ஆட்களும் பாடசாலையில் ஆறு நாள் இருந்தோம். மழை விட்ட பிறகு அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். மழை கூடினால் வெளியேறுங்கள், அறிக்கை வரும் என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போனுக்கு எச்சரிக்கை வருகிறது. அது முழுப் பிரதேச செயலாளர் பிரிவுக்கும் ஒரே நிறம். எங்கள் வெடிப்புக்கு என்று நிறம் இல்லை.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம், லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை நகர்த்த வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இல்லாமல் நடந்தது இல்லை. 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஒன்பது வருசம். அப்போஃபிஸுக்கு அதே காலத்தில் எத்தனை தடவை பாதையைத் திருத்திக் கணக்குப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தோம்.

சனவரியில் நாங்கள் லீவுக்கு வந்தபோது வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு இரும்புக் குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி அடித்தோம். நடுவில் 61 சென்டிமீட்டர். மாதத்தின் முதல் ஞாயிறு அளப்பது என்று முடிவு. அப்போதுதான் எங்களில் ஒருத்திக்கு ஸ்பேஸ்வோச் படம் ஞாபகம் வந்தது. பழைய படத்தில் தெரியாமலே ஏதாவது விழுந்திருக்குமா?

லயம் முழுக்க அல்பம் கேட்டுப் போனோம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கொடியேற்றம். படம் பிடிக்கிறவர்கள் எப்போதும் ஆட்களை லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில்தான் நிறுத்துவார்கள், முன்பக்கம் கழுவிக் காயப்போட்ட உடுப்பு தொங்கும். 2017-இல் எங்களில் ஒருத்தியின் சடங்குப் படம் கிடைத்தது. பச்சைப் பட்டுச்சாரி, தலைநிறையப் பூ, முறைத்த முகம். (முகத்தைப் பற்றி இதுக்கு மேல் எழுதக் கூடாது என்று உத்தரவு.) முழங்காலுக்குப் பக்கத்தில், கானுக்குப் பூசின சிமெந்தில், முடி அளவுக்கு ஒரு கோடு. சேலைக் கரையிலிருந்து கொய்யா மரம் வரைக்கும் போகிறது. இப்போது அதே இடத்தில் கை நுழையும். படத்தில் கொய்யா நேராக நிற்கிறது. இப்போது பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

அவர்களுக்குப் பழைய படம் கிடைத்ததும் ஆபத்து பூச்சியமானது. எங்களுக்குக் கிடைத்ததும் ஒன்று தெரிந்தது: இது புயல் தந்த வெடிப்பு இல்லை, குறைந்தது எட்டு வருசமாக நகர்கிறது. புயல் வேகத்தைக் கூட்டியது. இதை வைத்து விழுமா விழாதா என்று சொல்ல எங்களுக்குப் படிப்பு இல்லை. மண்ணைத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் இந்தப் படமும் எங்கள் கொப்பி அளவுகளும் அவருக்கு உதவும். இரண்டையும் வைத்து, திகதி போட்டு, மார்ச்சில் கடிதம் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.

இதில் ஒரு விசயம் எங்களுக்குத் தொண்டையில் நிற்கிறது. 2029-இல் பூமியின் ஈர்ப்பு இழுக்கிற இழுப்பில் அப்போஃபிஸின் மேல்பரப்பு அதிரலாம், சின்னச் சின்ன மண்சரிவு கூட நடக்கலாம் என்கிறார்கள். அதைப் பார்க்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ராம்செஸ் என்ற கலத்தை 2028-இல் ஏவி, கல் நம்மைக் கடப்பதுக்கு முன்னாலேயே போய்ச் சேரத் திட்டம் போட்டிருக்கிறது. நாசாவின் ஒசைரிஸ்-அபெக்ஸ் கடந்த பிறகு போய்ச் சேரும். 340 மீட்டர் கல்லில் நடக்கப்போகிற மண்சரிவுக்கு இரண்டு கலம். போகட்டும், போகத்தான் வேண்டும். நாங்கள் பொறாமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

அப்பாயிக்கு இப்போது கல்லின் மேல் பயம் இல்லை, பஞ்சாங்கத்தின் மேல்தான் கேள்வி. "வருசம் பொறக்குற நேரத்துல அது வருமா?" கணக்குப் போட்டோம். 2025-இல் வருசம் பிறந்தது திருக்கணிதப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3.21-க்கு. ஒவ்வொரு வருசமும் ஆறு மணி நேரமும் கொஞ்சமும் தள்ளிப்போய், லீப் வருசத்தில் ஒரு நாள் கழிந்து, நாலு வருசத்தில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வரும். எங்கள் கணக்கில் 2029-இல் அதிகாலை நாலு மணிக்குக் கிட்ட. அப்போஃபிஸ் பூமிக்கு மிகக் கிட்ட வருவது இலங்கை நேரப்படி அதே அதிகாலை 3.16. புண்ணிய காலத்துக்குள்தான். வாக்கியத்தில் வேறு நேரம் வரும். பழைய வாய்பாட்டை அப்படியே பிடித்துப் போகிறது வாக்கியம், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது திருக்கணிதம். எங்கள் கோயில் ஐயர் எதை எடுப்பார் என்பது அவர் பாடு.

ஆனால் 3.16-க்கு நாங்கள் அதைப் பார்க்க முடியாது. அந்த நேரம் அது அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே நிற்கும், எங்களுக்கு மேற்கு மலைக்கு அந்தப் பக்கம். அவுஸ்திரேலியாவில் தொடங்கி, இந்து சமுத்திரத்துக்கு மேலால், ஆபிரிக்காவைப் பார்த்துப் போகிற பயணம். எங்களுக்கு வாய்ப்பு முன்னிரவில்தான். கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிற ஒரு மங்கலான புள்ளி. பைனாகுலர் இருந்தால் நல்லது. அமாவாசை என்பதால் நிலா வெளிச்சம் குழப்பாது. மழைதான் சந்தேகம், சித்திரை மாதப் பின்னேர இடியைப் பொகவந்தலாவையில் யாரும் நம்ப முடியாது. வருசத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிற எல்லாரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். ஒருத்தர் கூடப் பார்க்காமல் விட்டால் அது எங்கள் தப்பு என்று மூன்று பேரும் பேசிக்கொண்டோம்.

எங்கே நின்று பார்ப்பது என்றும் பார்த்து வைத்தோம். மூன்று பக்கமும் மலை, முன்பக்கம் இஸ்டோரின் வெளிச்சம். தெற்கும் மேற்கும் திறந்து தெரிகிற ஒரே இடம் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டுக் களம். வெடிப்பு அதுக்குக் கீழால்தான் போகிறது.

நாங்கள் கம்பஸில் இருப்பதால் இப்போது அளப்பது அப்பாயியும் பக்கத்துக் காம்பராப் பையனும். அவன் டேப்பைப் பிடிப்பான், அப்பாயி போனில் குரல் அனுப்பும். மே மாதம் 61.4. யூன் மழைக்குப் பிறகு 62.1. இந்த ஞாயிறு வந்த குரல்: "அறுவத்திரெண்டு தாண்டி மூணு கோடு. மழ விடல. டேப்பு நனைஞ்சிருச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க, இரும்பு டேப்பா."